மரம் வைக்காத இடங்கள்

என் அண்ணன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வருவதைப் படித்துவிட்டு யாரும் அதை நம்பப்போவதில்லை. அன்றைக்கு நானே நம்பவில்லை.

போன ஐப்பசி மாதம். கொட்டாரத்தில் என் துணிக்கடையில் ஒரு கல்யாணக் கூட்டம் வந்து, பார்த்த சேலையையே திரும்பத் திரும்ப விரிக்கச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற பெண். மலையில் காணிக்காரர் என்கிற பழங்குடிகளின் குடியிருப்பில் இருக்கிறவள். அவளுடைய மாமியார் அன்று காலையில் நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். அந்தச் செய்தி எனக்கு முன்பே வந்திருந்தது. கடையை ஒதுக்கிவிட்டுச் சாயங்காலம் போகலாம் என்றிருந்தேன்.

“எக்கா, கேட்டு பூட்டிக் கெடக்கு. மொதலாளி தொறக்க மாட்டேங்காரு. அத்தைய ரோட்டுலதான் எறக்கி வச்சிருக்கோம். மழ வருது.”

“எந்தக் கேட்டு?” என்று கேட்டேன். என் புத்தி அப்படி.

“ஒங்க கேட்டுதான் எக்கா.”

மொதலாளி என்று அவள் சொன்னது என் அண்ணனை. விரித்த சேலைகளை அப்படியே போட்டுவிட்டு, கடையை வேலைக்காரப் பெண்ணிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். கல்யாணக் கூட்டம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும்.

கீரிப்பாறைக்குப் போகிற வழியில், அரசு ரப்பர் எஸ்டேட் தொடங்குவதற்கு முன்பே, மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம் இருக்கிறது. தாத்தா காலத்துச் சொத்து. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் பேரிலும் என் பேரிலும் கூட்டாக வந்தது. நான் என்னைக் கட்டிக்கொடுத்த ஊரில் கடை வைத்துப் பிழைக்கிறேன். அண்ணன் அங்கேயே வீடு கட்டி, மழையிலும் வெயிலிலும் கிடந்து, அந்த மரங்களோடு மரமாக நின்று பார்த்துக்கொள்கிறான். அந்த மலை எங்கள் கைக்கு வந்த கதையை எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லிச் சிரிப்பார்கள். தாத்தா உப்பும் புகையிலையும் கொஞ்சம் கோடி வேட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தாராம், காணிக்காரர்கள் மலையைக் கொடுத்துவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்களாம். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

இறந்துபோனவளும் அவள் புருஷனும்தான் எங்கள் மரங்களில் முதல் பால் வெட்டியவர்கள். அவளுக்கு வாய் நீளம். நான் கல்யாணமாகி முதல் தடவை தோட்டத்துக்குப் போனபோது, கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்து, “ஏட்டி, கொட்டாரத்துல சோறு கெடைக்காதோ? வெறகு மாதிரி ஆயிட்டே,” என்றாள். என் புருஷன் பக்கத்தில் நிற்கிறார்! அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. எனக்கு அன்றிலிருந்துதான் அவளைப் பிடித்துப்போனது. அவள் புருஷன் அதற்கும் முன்னாலேயே, நான் ஹாஸ்டலில் படிக்கிற காலத்தில், இறந்துவிட்டான். அவனைத் தோட்டத்துக்குள்ளேயே ஓடைக்கு மேலே புதைத்தார்கள். ‘அப்பா அனுமதிச்சாரு’ என்றுதான் நாங்கள் சொல்லுவோம்.

இறப்பதற்குச் சில நாள் முன்னால் ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தேன். வாதம் வந்து வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அப்படியும் விடவில்லை. “என்னய அவருக்க கிட்டதான் போடணும், கேட்டியா,” என்றாள். அவருக்க கிட்ட என்றால் புருஷன் பக்கத்தில். நான் சரி என்று தலையாட்டினேன். அவள் கோணின வாயோடு சிரித்தாள், “நீ ஆட்டுனா போதாதுட்டி, ஒனக்க அண்ணன் கேட்டு வச்சிருக்கான்,” என்றாள். நான்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேட்டு அந்த வருஷம்தான் வந்தது. மரங்களுக்கு வயசாகிவிட்டது, முறித்துவிட்டுப் புதுக்கன்று வைக்க வேண்டும். தை பிறந்ததும் ஜேசிபி வரும் என்று ஏற்பாடு. அதற்குள் மேலே குடியிருப்பில் படித்த பிள்ளைகள் வன உரிமைச் சட்டம், பழைய குடியிருப்பு, பழைய பாதை என்று பேசத் தொடங்கியிருந்தார்கள். எவனோ ஒரு வக்கீல் அண்ணன் காதில் ஓதிவிட்டான்: அவர்கள் ஆட்கள் உள்ளே புதைந்து கிடக்கிறார்கள் என்று வந்தால் நிலமே கேள்விக்குள்ளாகும், ஜாக்கிரதை என்று. அன்றிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. சுற்றிலும் முள்கம்பி போட்டான், இரும்புக் கேட்டு போட்டான். பால் வெட்டக் காலையில் திறப்பான், வெட்டு முடிந்ததும் பூட்டிவிடுவான்.

சுசீந்திரம் தாண்டும்போது வயல் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தடிக்காரன்கோணம் போய்ச் சேர்வதற்குள் மலை முழுக்க கறுத்துவிட்டது. ஸ்கூட்டரை முறுக்கிக்கொண்டு போகிறேன், மனசுக்குள் ஒரே கணக்கு: மழைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், இருட்டுக்கு முன்னால் குழி எடுக்க வேண்டும். இருட்டின பிறகு அவர்கள் புதைக்க மாட்டார்கள். விடியும்வரை ரோட்டில் வைத்துக் காத்திருக்கிற உடம்பும் அது இல்லை.

கேட்டுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் நின்றது. டிரைவர் பையன் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, “எக்கா, எனக்கு அடுத்த ஓட்டம் வந்தாச்சு, அதான் எறக்கச் சொன்னேன், நான் போணும்,” என்று அழாத குறையாகச் சொன்னான். உடம்பைப் பாயில் கிடத்தி ரோட்டோரம் வைத்திருந்தார்கள். நாலு பேர் தார்ப்பாயை நாலு மூலையிலும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேலேயிருந்து வந்த சனங்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை, அழவுமில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தைரியமாக இருந்திருக்கும். குடியிருப்பின் தலைவர், அவர்கள் மூட்டுக்காணி என்று சொல்லுகிறவர், ரோட்டுக் கலுங்குப் பாலத்தின் கல்லில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்டுக்கு உள்ளே, கையில் குடையோடு அண்ணன்.

“நீ என்னத்துக்குட்டி வந்தே?”

“தொற.”

“தொறக்க மாட்டேன்.”

“அண்ணே, செத்தவளாக்கும் கெடக்கா. ரோட்டுல.”

“நான் பாக்கல்லியா? எனக்குக் கண்ணு இல்லியா?” குரல் உடைந்தது அவனுக்கு. “வாதம் வந்து விழுந்தப்போ தூக்கி ஜீப்புல போட்டது ஆரு? நான். ஆஸ்பத்திரியில ராத்திரி முழுக்கக் கெடந்தது ஆரு? நான். செத்தவகிட்ட எனக்கு என்னட்டி விரோதம்? கோடித்துணி வேணுமா, வேண்டியது அத்தனையும் நான் எடுத்துத் தாறேன். ஆனா இதுக்குள்ள குழி எடுக்கப்பிடாது. இன்னைக்கு ஒரு குழி. நாளைக்கு இது எங்க சுடுகாடும்பானுவ. மறுநாளு நான் கோர்ட்டுல நிப்பேன்.”

செத்தவளின் மகன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவன், வாய் திறந்து பேசி நான் அதிகம் கேட்டதில்லை. “மொதலாளி, எங்க அப்பன் அங்கின கெடக்கான்,” என்றான். அவ்வளவுதான் சொன்னான். அண்ணன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த மருமகளுக்குப் பொறுக்கவில்லை. எனக்குப் போன் செய்தவள் இவள்தான். பிளஸ் டூ வரை படித்தவள், பயம் என்றால் என்ன விலை என்று கேட்பாள். “மொதலாளி, போன வருஷம் மேடையில சொன்னியளே. எங்க மூட்டுக்காணிக்குப் பொன்னாடை போட்டு, இந்த மலைக்கு ஆதி சொந்தக்காரங்க இவங்கதாண்ணு மைக்கில சொன்னியளே. நாங்க கீழ ஒக்காந்து கேட்டுக்கிட்டுதான இருந்தோம்? கைகூட தட்டுனோம்.”

அது உண்மை. தோட்ட உரிமையாளர்கள் சங்கத்து விழா ஒன்று நடந்தது. மண்ணின் மைந்தர்களுக்கு மரியாதை என்று பேனர் கட்டினார்கள். அண்ணன்தான் பொன்னாடை போர்த்தினான். போட்டோகூட எனக்கு வாட்ஸாப்பில் அனுப்பியிருந்தான், நான் பூ போட்டுப் பதில் அனுப்பினேன்.

“அது மேடைல்லா,” என்றான் அண்ணன்.

ஐயோ, அந்தப் பதில்! அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் எரிச்சலாகி, “மேடையில உள்ளது கேட்டு வரைக்கும் வராதோ? இடையில எங்க எறங்கிப் போச்சு?” என்று கத்தினேன். அவனும் கத்தினான். கல்யாணம் கட்டிப் போனவளுக்குத் தோட்டத்தைப் பற்றி என்ன தெரியும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து மீன்கறி தின்றுவிட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு போகிறவளுக்கு முள்கம்பி கிழித்த கை தெரியுமா என்று. தெரியாதுதான். அதில் அவன் சொன்னது ஒன்றும் பொய் இல்லை. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் சொன்னான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மழை முதல் தூறல் போட்டது. அப்போதுதான் போலீஸ் ஜீப் வந்தது. அண்ணன்தான் கூப்பிட்டிருக்கிறான்.

எஸ்.ஐ. சின்ன வயசு, வெளி ஜில்லாக்காரர். மோசமானவர் இல்லை. தார்ப்பாய்க்குக் கீழே இருந்தவளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். பிறகு மருமகளிடம், “பாருங்கம்மா, இது பட்டா நிலம். ஓனர் வேண்டாம்னா நான் திறக்கச் சொல்ல முடியாது. உங்க குடியிருப்புல பொது இடம் இருக்குல்ல?” என்றார்.

“இருக்கு சார். அங்க போனது பொறவுதான். மொதல்ல இருந்தது இங்க.”

“அதுக்கு ஏதாவது ஆதாரம்?”

அவள் மூட்டுக்காணியைத் திரும்பிப் பார்த்தாள். சனங்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மூட்டுக்காணி மட்டும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். காகிதம் என்றால் எங்களிடம் பெட்டி நிறைய இருக்கிறது. அவர்களிடம் என்ன இருக்கும்?

எஸ்.ஐ. அண்ணன் பக்கம் திரும்பினார். “சார், உள்ள ஏற்கெனவே யாரையாவது புதைச்சிருக்காங்களா?”

“இல்ல,” என்றான் அண்ணன்.

“அண்ணே!” என்றேன். கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்த மகனின் கை மெல்ல இறங்கியது. அவனுடைய தகப்பனைக் கிடத்திய இடத்தை, அவன் கண்முன்னாலேயே, அண்ணன் இல்லை என்று சொல்கிறான். ஞாயிறு தவறாமல் கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவன். எனக்கு அந்த நிமிஷம் அவன் என் அண்ணனே இல்லை என்று தோன்றியது.

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஒரு பொய் சொன்னால் அதோடு நிறுத்த மாட்டான். மேலே மேலே பேசினான். “இருந்தா காட்டச் சொல்லுங்க சார். ஒரு கல்லறை உண்டா, ஒரு குருசு உண்டா? இந்தத் தோட்டத்தப் பத்தி எங்கிட்ட ஒருத்தனும் சொல்லிக்குடுக்க வேண்டாம். கண்ணக் கெட்டி உட்டாலும் நடப்பேன். எந்த வரிசையில எந்த மரம் பால் கூட, எதுக்குப் பட்டை போச்சு, எங்கெங்க மரம் வைக்காம உட்டிருக்கு, அம்புட்டும் எனக்கு அத்துபடி. அந்த எடத்துல மருந்துகூட அடிக்க எங்கப்பா உட மாட்டாரு, மாடு கெட்ட உட மாட்டாரு, ஒரு தடவை நான் ஒட்டுப்பால் சாக்க எறக்கி வச்சதுக்குச் செவிட்டுல ஒண்ணு...”

நின்றுவிட்டான்.

தூறல் குடைத்துணியில் விழுகிற சத்தம் கேட்டது.

“எந்த இடத்துல சார்?” என்று கேட்டார் எஸ்.ஐ. மெதுவாகத்தான் கேட்டார்.

அண்ணன் முகம் மாறிக்கொண்டே போனது. கன்னத்தில் விழுந்த அந்த அறையை அவன் எத்தனையோ தடவை எனக்குச் சொல்லியிருக்கிறான், ஒரு சாக்கு மூட்டைக்காக அப்பா அடித்தாரே என்று. வரிசையில் மரம் விட்டுப்போன அந்த இடங்களைப் பற்றி எப்போதும் புலம்புவான். அப்பாவுக்குத் தோட்டம் வைக்கத் தெரியவில்லை, எத்தனை மரம் நஷ்டம், இந்தத் தடவை ஒரு இடம் விடாமல் கன்று வைப்பேன் என்பான். தோட்டத்தின் ஒவ்வொரு மரத்தையும் தெரிந்தவனுக்கு, ஓடைக்கு மேலே இருந்த அந்த ஒரு குழியைத் தவிர, மரம் இல்லாத மற்ற இடங்களுக்குக் காரணம் தெரியாமலா இருந்தது? தெரியாமல்தான் இருந்திருக்கிறது. அந்த நிமிஷம், எங்கள் எல்லோருக்கும் முன்னால், அவன் வாயாலேயே அவனுக்குத் தெரியவந்தது. அவனைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, கோபமும் ஆறவில்லை.

கம்பிக்குள் கையை விட்டேன். அவன் சட்டைப் பையில் இருந்து சாவியை எடுத்தேன். எனக்கு மூத்தவன், அவன் பைக்குள் அப்படி நான் கைவிட்டதே கிடையாது. அவன் தடுக்கவில்லை. எஸ்.ஐ. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நானும் ஓனர்தான் சார்,” என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பூட்டைத் திறந்தேன். “நிலம் யாருதுன்னு கோர்ட் பாத்துக்கும்மா. இருட்டறதுக்குள்ள முடிங்க,” என்றார் அவர்.

பாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனோம். ரப்பர் தோட்டத்துக்குள் எப்போதுமே கொஞ்சம் இருட்டு. மழை இருட்டும் சேர்ந்து, பால் வடிய மரத்தில் கட்டியிருந்த சிரட்டைகளின் வெள்ளை மட்டும் தெரிந்தது. மகன் முன்னால் போனான். யாரிடமும் வழி கேட்கவில்லை. ஓடைக்கு மேலே ஒரு வரிசையில் இரண்டு மரம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. தரையோடு தரையாக சில கற்கள். அங்கே பாயை இறக்கினார்கள்.

நான் நிமிர்ந்து சரிவைப் பார்த்தேன். கீழே ஒரு இடைவெளி. அதற்குத் தள்ளி இன்னொன்று. மேலே, பாறைக்குப் பக்கத்தில், மூன்று நாலு சேர்ந்தாற்போல. எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து பார்த்த தோட்டம். மரங்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

“இவ்வளவு பேரா?” என்று மருமகளிடம் கேட்டேன்.

“எல்லாம் குழி இல்ல எக்கா. அந்தா அது சாமி எடம். பாறைக்க கிட்ட வீடு கெடந்துது. வீட்டுப் பக்கத்துலதான எங்காளுவளப் போடுவோம்.” பிறகு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில், மாமியார் சொல்லிக் கேட்டதைச் சொன்னாள். “ஒங்கப்பா கயறு புடிச்சு, மரம் வைக்க வேண்டிய எடத்துல கம்பு நட்டுக்கிட்டே போனாவளாம். குழி எடுத்தது எங்க மாமன், அத்தைக்க புருஷன். சில கம்புக்க கிட்ட வந்தா மம்மட்டிய வைக்க மாட்டானாம். ஒண்ணும் சொல்லவும் மாட்டான், சும்ம நிப்பானாம். ஒங்கப்பா கொஞ்ச நேரம் பாத்துட்டு, கம்பப் புடுங்கி அடுத்த எடத்துல நடுவாவளாம்.”

அவ்வளவுதான் நடந்திருக்கிறது. ஒருத்தர் கேட்கவில்லை, ஒருத்தர் சொல்லவில்லை. கூலிக்கு மண்வெட்டி பிடித்த ஒருத்தன் தன் வீடு கிடந்த இடத்தில், தன் தாய் தகப்பனைப் போட்ட இடத்தில் எங்களுக்காக ரப்பர் குழி எடுத்துக்கொண்டே வந்திருக்கிறான், முடியாத இடத்தில் மட்டும் நின்றிருக்கிறான். அப்பா அதைப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த இடத்தில் நட்டார். அந்த மரத்துப் பாலில்தான் நான் ஹாஸ்டலில் படித்தேன், அந்தப் பாலில்தான் என் கழுத்தில் தாலி ஏறியது. ‘அப்பா அனுமதிச்சாரு’ என்று இத்தனை வருஷம் என்ன திமிராகச் சொல்லிக்கொண்டிருந்தோம்! நினைக்க நினைக்க எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணன் எங்களுக்குப் பின்னால் வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். குடையை மடக்கிவிட்டான், நனைந்துகொண்டிருந்தான்.

மூட்டுக்காணி முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் வாயைத் திறந்து நான் கேட்டது அப்போதுதான். மண்வெட்டி இன்னும் மண்ணைத் தொடவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, ஓடையும் பாறையும் இருக்கிற பக்கம் பார்த்து நின்றுகொண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற குரலில் கேட்டார்: “கொண்டு வந்திருக்கோம். எடம் உண்டா? எடுக்கட்டுமா?”

எல்லோரும் அசையாமல் நின்றார்கள்.

“எடுங்க,” என்றான் அண்ணன். மனசார, பெரிய ஒன்றை விட்டுக்கொடுக்கிற குரலில் சொன்னான். “எடுங்க, பரவாயில்ல.”

மூட்டுக்காணி திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. “ஒங்ககிட்ட கேக்கல்ல மொதலாளி,” என்றார்.

பிறகு மறுபடி மலையைப் பார்த்து நின்றார். என்ன வந்தது, எதைக் கேட்டார், எனக்குத் தெரியாது. எங்களுக்கு அது தெரியவேண்டிய அவசியமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கையைக் காட்டினார். மகன் மண்வெட்டியைப் போட்டான். மண் நனைந்திருந்ததால் சீக்கிரம் ஆழம் போனது. அண்ணன் வெளிறிப்போய் நின்றான். பொன்னாடை போர்த்தியபோது சிரித்தவனுக்கு, கோர்ட்டுக்கு நடுங்கியவனுக்கு, இப்படி ஒரு பதில் வரும் என்று கனவிலும் தோன்றியிருக்காது. அந்த இடத்தில் அவனை யாரும் விரட்டவில்லை, வையவில்லை. அவன் அங்கே கணக்கிலேயே இல்லை, அவ்வளவுதான். நானும்தான்.

இருட்டுவதற்குள் முடிந்துவிட்டது. மண்ணை மூடும்போதுதான் பெண்கள் அழுதார்கள். நானும் அழுதேன், அந்த வாய்க்காரிக்காக. இனி என்னை ஏட்டி என்று கூப்பிட்டுப் பரிகாசம் செய்ய ஒருத்தி இல்லை. அண்ணன் ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு, போடலாமா என்று தெரியாமல் வெகுநேரம் கையில் வைத்திருந்தான். மகன் பார்த்துவிட்டுச் சற்று விலகி இடம் விட்டான். அண்ணன் போட்டான்.

சனங்கள் மேலே ஏறிப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றோம்.

“இனி நம்ம எங்கட்டி போவோம்?” என்றான்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. இவ்வளவு நேரமும் அவன் பூட்டிவைத்திருந்தது இந்த ஒரு பயத்தைத்தான்.

“ஆரு போகச் சொன்னா?”

“நாளைக்கு அவங்க போகச் சொன்னா?”

“கேளு.”

“ஆருகிட்ட?”

“அவங்ககிட்டதான். தாத்தா கேட்டாரா? அப்பா கேட்டாரா? நம்ம வீட்டுல ஒருத்தராவது கேட்டதுண்டா, இங்க இருந்துக்கிடட்டுமாண்ணு?”

எல்லோருக்கும் பின்னால் மருமகள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். எங்களைத் தாண்டினாள். அண்ணன், “பிள்ளே,” என்று கூப்பிட்டான். அவள் நின்றாள். அவன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தான். கேட்கப்போகிறான் என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் எங்கள் ஆட்களுக்கு அவர்களிடம் கேட்டுப் பழக்கமான கேள்வி ஒன்றே ஒன்றுதானே. அதுதான் வந்தது.

“மழ விட்டா... நாளைக்கு வெட்டுக்கு வருவியா?”

அவள் மண்வெட்டியை மறு தோளுக்கு மாற்றினாள்.

“வருவேன்,” என்றாள். “அத்தையப் பாக்கணும்லா.”

அண்ணன் சரி என்று தலையாட்டினான். அதைப் பார்க்க அவள் நிற்கவில்லை.